எங்க ஊர் பள்ளிக்கூடத்துக் காலைச் சாப்பாடு: பொங்கலுக்கு நாலு ஸ்டார், சாம்பாருக்கு ரெண்டு

ஹோட்டலுக்கு ரிவ்யூ எழுதுறாங்க, மிக்ஸிக்கு எழுதுறாங்க. என் பையன் ரெண்டு வருசத்துக்கு மேல தினமும் சாப்பிட்டுட்டு இருக்குற காலைச் சாப்பாட்டுக்கு ஒரு அம்மா எழுதி நான் பாக்கல. அதான் நானே உக்காந்துட்டேன்.

திருப்பூருக்கு வெளிய இருக்குற ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. பேர் சொல்லலைங்க. குறையும் சொல்லப் போறேன், டீச்சருங்களுக்கு எதுக்குத் தொந்தரவு. நான் பனியன் கம்பெனியில செக்கிங். 2022-ல நூல் விலை தாறுமாறா ஏறுனப்ப எங்க கம்பெனியில ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆகிப்போச்சு. பையனோட ஃபீஸ் ஒரு பக்கம், வேன் காசு ஒரு பக்கம். ஒரு வருசம் இழுத்துப் பாத்துட்டு, 2023 ஜூன்ல ரெண்டாங்கிளாஸுக்கு இங்க கொண்டு வந்து சேத்தோம். மாமியார் ஒரு வாரம் எங்கிட்டப் பேசல.

எனக்கு எட்டரைக்கு ஷிப்ட். அஞ்சு மணிக்கு எந்திரிச்சு தோசை சுட்டு வச்சா, அவன் தூக்கக் கலக்கத்துல பாதியத் தின்னுட்டு ஓடுவான். அந்த ஆகஸ்ட் 25-ஆம் தேதிதான் எங்க பள்ளிக்கூடத்துக்குக் காலை உணவுத் திட்டம் வந்துச்சு. அதுக்கு முந்தின வருசம் செப்டம்பர் 15-ல மதுரையில ஆரம்பிச்சது, இந்த ஆகஸ்ட் 25 அன்னைக்குத்தான் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் விரிஞ்சுது. ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கு.

முதல்ல ருசி. ஒரு நாள் லீவு போட்டுட்டு நானே போய் ஒரு கரண்டி வாங்கித் தின்னு பாத்தேன். வெண்பொங்கல் நல்லா இருக்குங்க, மிளகு பல்லுல படுது. கிச்சடி பரவால்ல. கேரட், பீன்ஸ் கண்ணுல தெரியுது. ரவா உப்புமா சுடச்சுட இருந்தா சரி, ஆறிப்போனா செங்கல்தான். அன்னைக்குச் சாம்பார்ல பருப்பத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அப்புறமா பையன்கிட்ட விசாரிச்சேன், கூட்டம் அதிகமா வர்ற நாள்ல தண்ணி கூடுமாம்.

சமைக்கிறவங்க மகளிர் குழுக்காரங்க, அவங்க பிள்ளைகளும் இங்கதான் படிக்குது. அதுல ஒருத்தி எங்க லைன் வீட்டுக்காரி. தலைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ, 15 கிராம் பருப்புன்னு கணக்காம். அளந்து போட்டு, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சோம் எத்தனை மணிக்கு முடிச்சோம்னு ஃபோன்ல வேற ஏத்தணும். "அத ஏத்தறதுக்குள்ள கிச்சடி அடிப்பிடிச்சுருதுக்கா"ங்கறா. அடிப்பிடிச்ச வாசனை வந்தா டவர் கிடைக்கலன்னு நானே புரிஞ்சுக்குவேன்.

ஆனா நான் இத எழுத உக்காந்தது உப்புமாவுக்காக இல்ல.

எங்க பள்ளிக்கூடத்துல மூணுல ஒரு பங்கு வெளிமாநிலத்துப் பிள்ளைங்க. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போயிருவாங்க. முன்னாடியெல்லாம் அந்தப் பிள்ளைங்க காலையில ஒரு பாக்கெட் பிஸ்கட்டோட வந்து சுவர் ஓரமா உக்காந்திருக்கும்னு குழுக்காரி சொல்லுவா. இப்ப எல்லாரும் வராண்டாவுல ஒரே வரிசை.

மூணாங்கிளாஸ்ல ஒரு ஒடிசாப் பொண்ணு வந்து சேந்துது, தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ரெண்டு வாரம் வரிசையில கடைசியா உக்காந்து தட்டையே பாத்துட்டு இருந்துச்சாம். அது முதல்ல கத்துக்கிட்ட தமிழ் "போதுமுங்க". இப்ப நாய் பக்கத்துல வந்தாக்கூட "வேணாமுங்க"ன்னுதான் சொல்லுது. எங்க ஊர் மரியாதை அவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கிச்சு. என் பையன் கண்ணாமூச்சி விளையாடறப்ப ஏக, துயி, தினி, சாரின்னு எண்ணுறான். என்னடா பாஷை இதுன்னா, "அவங்க எண்றதும்மா"ங்கறான்.

போன மார்ச்சுல ஒரு நாள் வீட்டுச் சாப்பாடு கொண்டு வரச் சொன்னாங்க. அந்தப் பொண்ணோட அம்மா ஒரு தூக்குப்போசியில சோத்தத் தண்ணியில ஊறப்போட்டு, தயிர் ஊத்தி, பக்கத்துல வறுத்த உருளைக்கிழங்கோட கொண்டாந்துது. பகாளான்னு பேராம். எங்க மாமியார் எட்டிப் பாத்துட்டு, "ஏனம்மணி, இது நம்ம பழைய சோறுதான? எங்கப்பன் காட்டுக்குப் போறப்ப இதத்தான் குடிச்சுட்டுப் போவாரு"ன்னு சொல்லிட்டு ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சாங்க. பீகார்க்காரம்மா கொண்டாந்த, சத்துன்னு அவங்க சொல்ற வறுத்த கடலை மாவக் கரைச்சதைத்தான் பசங்க சட்னின்னு நெனச்சு இட்லிக்குக் கேட்டானுக.

பையனுக்கு இந்தப் பள்ளிக்கூடம் சுலபமா ஒத்து வரல. "பிரைவேட்டு, பிரைவேட்டு"ன்னு பட்டப்பேர் வச்சுக் கூப்பிட்டிருக்காங்க, வீட்டுல மூச்சு விடல. புத்தகத்துல பிள்ளைங்க உதவி கேக்குறதுக்கு 14417, 1098-ன்னு நம்பர் போட்டிருக்கு, டீச்சர் மனப்பாடமே பண்ண வச்சிருக்காங்க, கேட்டா இப்பவும் ஒப்பிப்பான். ஆனா அவன் யாருக்கும் ஃபோன் பண்ணல. தட்டுல பாதியா மிச்சம் வச்சான். மூணு நாள் தொடர்ந்து மிச்சம் வந்ததப் பாத்து, கரண்டி புடிச்சவ போய் டீச்சர்கிட்டச் சொல்லிருக்கா. டீச்சர் அந்தப் பசங்களையே அவனுக்குப் பக்கத்துல உக்கார வச்சாங்க. எங்கிட்ட விசயம் வந்தப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு. ஃபீஸ் கட்டுன பள்ளிக்கூடத்துல டிபன் பாக்ஸ் திரும்பி வந்தா எனக்குத்தான் தெரியும், வேற ஒருத்தருக்கும் தெரியாது.

குறைன்னா, முதல்ல குழாய். அத்தனை பிள்ளைகளுக்கும் கை கழுவ ஒரே குழாய். கழிப்பறை பத்திக் கேக்காதீங்க. அடுத்தது பெற்றோர் கூட்டம். முழுக்க முழுக்கத் தமிழ்லயே நடக்குது. அந்த ஒடிசாம்மாவும் பீகார்க்காரம்மாவும் பின்னாடி உக்காந்து, கையெழுத்து எந்த இடத்துல போடணும்னு மட்டும் கேட்டுட்டுப் போறாங்க. அவங்க பொண்ணு, பசங்களே போதும், மொழிபெயர்த்துச் சொல்லும். யாரும் கூப்பிடல. நான் ஒரு தடவை எந்திரிச்சுக் கேட்டேன், அடுத்த கூட்டத்துல பாக்கலாம்னாங்க. தீபாவளிக்கு ஊருக்குப் போற பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைங்க, அதுக்கப்புறம் ஆறாவது நாள் வர்ற சத் பூஜையும் முடிச்சுட்டுத்தான் ரயில் ஏறும். அது வரைக்கும் ஆப்சென்ட்டு, பேரை எடுத்துருவோம்னு பேச்சு. இத்தனை வருசமா வர்ற பண்டிகை, ஒரு காலண்டர்ல வட்டம் போட்டு வச்சா என்ன?

பாடத்துலயும் ஒரு கூத்து. எண்ணும் எழுத்தும்னு ஒரு அரசுத் திட்டம், அதுல பிள்ளைங்க எவ்வளவு கத்துருக்காங்கன்னு பாத்து அரும்பு (கீழ்ப்படி), மொட்டு, மலர்னு (மேல்படி) பிரிப்பாங்க. அந்தப் பொண்ணு தமிழ் தெரியாததால கணக்குலயும் அரும்புல உக்காந்திருந்துச்சு. பெருக்கல மனசுலயே போடுற பொண்ணுங்க அது. நல்லவேளை, டீச்சரே ஒரு மாசத்துல கண்டுபிடிச்சுக் கணக்குக்கு மட்டும் மலர்ல மாத்திட்டாங்க.

என் மார்க்: பொங்கல் நாலு, கிச்சடி மூணு, உப்புமா மூணு (சூடா இருந்தா), சாம்பார் ரெண்டு, குழாய்க்கு ஒண்ணு. கரண்டி புடிக்கிறவங்களுக்கு அஞ்சு. அது எங்க லைன் வீட்டுக்காரின்னு போடல.

சேக்கப் போறவங்க எட்டே காலுக்குள்ள பிள்ளையக் கொண்டு போய் விட்டுருங்க. பொங்கல் போடுற அன்னைக்கு லேட்டாப் போனா அடிச்சட்டிதான் கிடைக்கும். என் பையனுக்கு என்னமோ அதுதான் புடிக்குது, வேணும்னே மெதுவா நடக்குறான்.