முழங்கால் வலிக்கு எந்தப் பயிற்சியை எழுதுவது: தொடைப் பயிற்சியா, நடையா, சைக்கிளா, தண்ணீரா?

மூட்டுத் தேய்மானத்துக்கு எந்தப் பயிற்சி உசத்தி என்ற சண்டைக்கு ஆய்வுகள் அதிகம் தீனி போடுவதில்லை. முட்டி தேய்ந்த முதியவர்களை வைத்து நடத்தி 1997-இல் வெளியான ஃபாஸ்ட் (FAST) ஆய்வில் நடந்தவர்களும் எடைப்பயிற்சி செய்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் தேறினார்கள். அதனால், வந்தவருக்கு எது முடியவில்லை என்று பார்த்து எழுதுவதே சரி.

படி இறங்கும்போது வலி, உட்கார்ந்தால் எழ முடியவில்லை, முட்டி வாரிவிடுகிறது என்பவர்களுக்குத் தொடைப் பயிற்சிதான் முதலில். இதிலேயே இரண்டு வழி உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும்போது, முட்டி மடிய மடிய முழங்கால் சில்லின் மேல் அழுத்தம் ஏறும். கணுக்காலில் எடை கட்டி உட்கார்ந்தபடி காலை நீட்டினால் நேர்மாறு: கால் நேராக நேராக அழுத்தம் ஏறும். ஆகவே சில்லுக்குப் பின்னால் வலிப்பவருக்கு நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்ட வேண்டும். எடை கட்டி நீட்டுவதை, முட்டி 90 பாகை மடிந்த நிலையில் தொடங்கி 45 பாகை மடிப்போடு நிறுத்த வேண்டும். எதுவானாலும் 10 முறை, 2 அல்லது 3 செட், வாரத்தில் 3 நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். செட் முடியும்போது இன்னும் இரண்டு மூன்று முறைக்குத்தான் தெம்பு இருக்க வேண்டும். இருபது செய்ய முடிந்தால் அது பயிற்சியே இல்லை.

எழும்போது பாதங்களைக் கவனியுங்கள். வலிக்கும் காலை நைசாக முன்னால் தள்ளி வைத்து, நல்ல காலாலேயே எழுந்துவிடுவார்கள். மாதக்கணக்கில் செய்தும் வலு ஏறாததற்குப் பல நேரம் இதுவே காரணம். நல்ல காலை அரை அடி முன்னால் வைக்கச் சொன்னால் தீர்ந்தது. பளு மேல் பளு ஏற்றவும் அவசியமில்லை: 377 பேரை 18 மாதம் கவனித்த ஸ்டார்ட் ஆய்வில் (2021), அதிக எடை தூக்கியவர்களுக்குக் குறைந்த எடை தூக்கியவர்களைவிட வலி கூடுதலாகக் குறையவில்லை.

நடைக்குச் செலவில்லை, மூச்சுக்கும் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் தொடையில் வலு ஏற்ற அது போதாது. முட்டியில் நீர் கோத்திருந்தால் ஒரே மூச்சில் 30 நிமிடம் வேண்டாம். 10 நிமிடமாக மூன்று வேளை நடக்கட்டும்.

நடந்தாலே வலிப்பவருக்கு சைக்கிள் ஒத்துவரும், சீட் உயரம் சரியாக இருந்தால். பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது முட்டி 25 முதல் 30 பாகைதான் மடிந்திருக்க வேண்டும். கால் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டை இறக்கிவிட்டு, முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது என்று வருபவர்களே அதிகம்.

இடுப்பளவுத் தண்ணீரில் காலுக்கு ஏறும் எடை பாதி. நெஞ்சளவில் மூன்றில் ஒரு பங்கு. தரையில் நிற்கவே முடியாதவருக்குத் தொடங்க நல்ல இடம், அவ்வளவே. படி ஏறத் தேவையான வலுவுக்குத் தரைக்கு வந்தாக வேண்டும்.

அளவைக் கூட்டவும் குறைக்கவும் மூட்டுத் தேய்மானத்துக்கான டென்மார்க்கின் கிளாட் (GLA:D) பயிற்சித் திட்டத்தின் கணக்கு கைகொடுக்கும்: பயிற்சியின்போது 10-க்கு 5 வரை வலி இருக்கலாம், 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் நிறுத்த வேண்டாம். மடக்கும் ஆழத்தையோ செய்யும் எண்ணிக்கையையோ குறைத்தால் போதும். முட்டி பூட்டிக்கொண்டாலோ, காய்ச்சலோடு சூடாக வீங்கினாலோ மட்டும் பயிற்சியை ஒத்திவைத்து மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.