கண்ணுக்காகப் பழகியவையும் கைவிட்டவையும்

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எனக்கு அலுவலக வேலை. செக்ரோல் என்னும் தொழிலாளர் வருகை, சம்பளக் கணக்கு கணினிக்கு மாறிய பிறகு, மாலையானால் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். போதாக்குறைக்குச் சீனி வியாதி வேறு. கண்ணுக்கு நல்லது என்று ஊரார் சொன்னவற்றில் பலவற்றைச் சில வருடங்களாகச் செய்து பார்த்துவிட்டேன்.

நுவரெலியாக் கரட் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பதால், “கரட் சாப்பிட்டால் கண்ணாடியைக் கழற்றிவிடலாம்” என்று சொல்லாத ஆளில்லை. கழற்ற முடியாது. விற்றமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்குக் கரட் உதவும். கண்ணாடியின் பவர் அதனால் குறையாது.

எங்கள் வீட்டில் நிலைத்தது பொன்னாங்காணிதான். மண் போகும்வரை அலசி, பொடியாக அரிந்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து, நிறம் மாறுமுன் சுண்டி இறக்கித் தேங்காய்ப்பூ தூவ வேண்டும். விழித்திரையின் நடுவில் படிந்திருக்கும் லூட்டின் என்னும் மஞ்சள் நிறப் பொருள் இத்தகைய கரும்பச்சைக் கீரைகளில் நிறைய உண்டு. கொழுப்போடு சேர்ந்தால்தான் உடல் அதை நன்றாக ஈர்த்துக்கொள்ளும். ஆகவே விலையைப் பார்த்துத் தேங்காயில் கை வைக்காதீர்கள்.

கண் வறட்சிக்கென்று மீன் எண்ணெய் மாத்திரையும் விழுங்கினேன்; ஒரு மாற்றமும் தெரியவில்லை. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றிலும், ஒலிவ் எண்ணெய் நிரப்பிய போலி மாத்திரையைவிட அது மேலாக வேலை செய்யவில்லை. அந்தக் காசுக்குச் சாளை வாங்கிக் குழம்பு வைக்கலாம்.

உறுத்தலைத் தணித்தது செலவில்லாத வேலை. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியே எதிர்மலையைப் பார்த்து, இமைகளை முழுதாக மூடித் திறக்கிறேன். “என்ன தம்பி, கொழுந்து எண்ணுகிறீர்களா?” என்று பெரிய கிளாக்கர் ஐயா கேட்டார். இப்போது அவரும் எண்ணுகிறார்.

மூடுபனியில் கறுப்புக் கண்ணாடி போட்டால் சிரிப்பார்கள்தான். ஆனால் 1,000 மீற்றர் உயர்ந்தால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். மெல்லிய முகில் அதை அதிகம் தடுப்பதில்லை. ஹட்டன் 1,200 மீற்றருக்கும் மேல். கண்புரைக்கு அந்தக் கதிரும் ஒரு காரணம், விறகடுப்புப் புகையும் ஒரு காரணம். அடைந்து கிடந்த புகைபோக்கியைச் சுத்தம் செய்ததில் என்னைவிட மனைவிக்குத்தான் நிம்மதி. கண்ணாடி வாங்கும்போது, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதற்கு அடையாளமாக யூவி 400 என்றிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் கறுப்பு நிறம் கண்மணியை விரியவைத்து, கதிரை இன்னும் உள்ளே விடும்.

சீனி வியாதிக்காரர் எந்தக் கீரை தின்றாலும் வருடத்துக்கொரு முறை விழித்திரையைச் சோதிக்கத்தான் வேண்டும். பாதிப்பு தொடங்கும்போது பார்வையில் எதுவும் தெரியாது. சோதனைக்கு மருந்தூற்றினால் சில மணி நேரம் எழுத்து கலங்கும், வெயில் கூசும். பஸ் பலகையைப் படித்துச் சொல்ல யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.