48,000 ரூபா தண்ணியோட போச்சு: மீன் தொட்டி செய்விக்கிற ஆக்கள் கவனம்

சுவரடியில் ஈரம் இன்னும் காயவில்லை. ஞாயிறு இரவு 2 மணிக்குத் தேங்காய் தகரத்தில் விழுந்த மாதிரி ஒரு சத்தம். ஓடிவந்தால் தொட்டியின் முன்கண்ணாடி பிளந்து, 300 லீற்றருக்கு மேல் தண்ணி ஹோல் முழுக்க. 10 கோல்ட்பிஷ்ஷில் நாலைத்தான் வாளியில் போட்டுக் காப்பாற்ற முடிந்தது. மகள் பின்னேரத்தில் அந்தத் தொட்டிக்கு முன்னால்தான் பாய் விரித்துப் படிக்கிறவள். நினைக்கவே கை நடுங்குது.

யாழ்ப்பாண ரவுனில் மீன் தொட்டி செய்து விற்கிற ஒரு கண்ணாடிக் கடை. பெயர் போடவில்லை. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரம், கண்ணாடி 10 மில்லிமீற்றர் வேணும் என்று தெளிவாகத்தான் சொன்னேன். கடைக்காரர் விரல் மொளியால் கண்ணாடியில் ரெண்டு தட்டுத் தட்டினார். "அண்ணை, இது 10 மில்லி, ரெம்பர் கண்ணாடி. ஏறி நிண்டாலும் உடையாது. என்ரை பிள்ளையளுக்கும் இதுதான் செய்து வைச்சிருக்கிறன்." ரெம்பர் என்றால் சூடாக்கிக் குளிர வைத்து உறுதியாக்கின கண்ணாடி. பிள்ளைகளைச் சொன்னதும் நம்பிவிட்டேன். அந்த இடத்திலேயே 48,000 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன். விளிம்பைச் சுற்றிக் கறுப்பு பிளாஸ்ரிக் பட்டி ஒட்டியிருந்தது. வடிவுக்காம்.

தண்ணி விட்டு மூன்றாம் நாள் முன்கண்ணாடியில் ரியூப் லைற்றின் நிழல் வளைந்து தெரிந்தது. கோல் எடுத்தேன். "தண்ணி நிண்டால் கொஞ்சம் தள்ளும்தான், பயப்பிடாதேங்கோ." ஒன்பதாம் நாள் வெடித்தது.

பட்டியைக் கழற்றி மகளின் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். 6 மில்லிமீற்றர்! ரெம்பர் கண்ணாடி உடைந்தால் கற்கண்டு மாதிரிச் சின்னச் சின்னத் துண்டாகக் கொட்டும். இது கத்தி கத்தியாக நீளத்துக்குப் பிளந்திருக்கு. தடிப்பும் பொய், ரெம்பரும் பொய். இவ்வளவுக்கும் தொட்டிக்கு ரெம்பர் கட்டாயமே இல்லை, தடிப்புச் சரியென்றால் சாதாரண கண்ணாடியே தாங்கும்.

திங்கள் போனேன், "ஸ்ராண்ட் லெவல் இல்லைப் போல" என்றார். நான் மட்டக்கோல் வைத்துப் பார்த்துத்தான் தொட்டியை ஏற்றினேன். செவ்வாய் உடைந்த துண்டையும் கொண்டு போனேன், "முதலாளி கொழும்புக்குப் போட்டார்" என்றான் ஒரு பெடியன். முதலாளி என்று என்னிடம் காசு வாங்கினவர் உள்ளுக்குத்தான் நின்றார். இன்றைக்கு நான் அடித்த கோலையே அவர் எடுக்கவில்லை. பில்லில் "மீன் தொட்டி 1, 48,000" என்று மட்டும்தான் இருக்கு, எத்தனை மில்லி என்று ஒரு எழுத்தில்லை.

எந்தக் கண்ணாடி வாங்கலாம் என்று விரிவாக எழுதத்தான் இருந்தேன், இப்ப மனம் ஓடவில்லை. பட்டி ஒட்ட முதல் விளிம்பை அளந்து பாருங்கோ. தண்ணி எவ்வளவு உயரமோ அவ்வளவு அழுத்தம், 2 அடி உயரத் தொட்டிக்கு 10 மில்லிக்குக் குறைய வேண்டாம். தடிப்பைப் பில்லில் எழுதி வாங்குங்கோ. முதல் தரம் தொட்டியை வெளியில் வைத்துத் தண்ணி நிரப்பிப் பாருங்கோ, கண்ணாடி வளைந்தால் உடனே இறைச்சுப்போடுங்கோ.

48,000 ரூபா எனக்கு ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். துண்டைக் கழுவிப் பேப்பரில் சுற்றி வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலமை 1977 என்ற நம்பருக்கு அடித்து நுகர்வோர் அதிகார சபையில் முறைப்பாடு குடுக்கப்போறன்.