"இரைப்பையைச் சுருக்கித் தருகிறோம்" என்பவர்களிடம் எச்சரிக்கை

எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, சில ஆண்டுகளில் எடை மீண்டும் ஏறத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். "விரிந்த இரைப்பையைப் பழைய அளவுக்குச் சுருக்கித் தருகிறோம்" என்ற விளம்பரம் உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கலாம். பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கட்டினேன். போனது பணம் மட்டும் அல்ல.

எனக்குச் செய்தது ஸ்லீவ் அறுவை சிகிச்சை. இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒடுங்கிய குழாயாக விடுவார்கள். அப்போது மருத்துவமனை தந்த பெரிய வாக்குறுதி, வாழ்நாள் முழுவதும் தொடர் கவனிப்பு. முதல் ஆண்டில் ஒரு குறையும் இல்லை. எடை விறுவிறுவென இறங்கியபோது என் படத்தைக் கேட்டு வாங்கி விளம்பரத்தில் போட்டார்கள். எடை மெல்ல ஏறத் தொடங்கியதும் அதே இடத்தில் உணவியல் நிபுணரைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. தொலைபேசியை எடுத்தவர் விற்பனைப் பிரிவைச் சேர்ந்தவர். என்ன சாப்பிடுகிறேன், எப்படித் தூங்குகிறேன், வேறு என்ன மாத்திரை எடுக்கிறேன் என்று ஒரு கேள்வி இல்லை. இரண்டாவது அறுவை சிகிச்சைக்குத் தள்ளுபடி உண்டு என்றார். இன்று நினைத்தாலும் மனம் கொதிக்கிறது.

ஓரளவு எடை திரும்புவது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. சுவீடனில் 1987-இல் தொடங்கி நீண்ட காலம் நடந்த ஆய்வில், எடை மிகவும் குறைந்திருந்தது முதல் ஓரிரு ஆண்டுகளில்தான். பிறகு கொஞ்சம் ஏறியது. அப்படியும் இரைப்பை பைபாஸ் (உணவு இரைப்பையின் பெரும்பகுதியைத் தாண்டி நேராகச் சிறுகுடலுக்குப் போகும்படி செய்யும் அறுவை சிகிச்சை) செய்துகொண்டவர்கள் 10 ஆண்டுகளுக்குப் பின் தொடக்க எடையைவிடச் சராசரியாக 25 சதவீதம் குறைவாகவே இருந்தார்கள். உடல் இளைக்கும்போது அது செலவிடும் ஆற்றலும் குறைகிறது; அடங்கியிருந்த பசி மெல்லத் தலைதூக்குகிறது. இதையெல்லாம் முன்பே சொல்லி வைத்திருந்தால் எடை ஏறியவர்கள் வெட்கப்பட்டு ஒதுங்க மாட்டார்கள். அந்த வெட்கத்தின் மீதுதான் இந்த வியாபாரம் நடக்கிறது.

அந்த விளம்பரத்தை நம்பி நான் சேர்ந்த திட்டத்தில் திட உணவு கிடையாது. அவர்கள் அனுப்பும் மாவைக் கரைத்துக் குடிக்க வேண்டும், கூடவே சொட்டு மருந்து. முதல் வாரத்தில் எடை சரசரவென இறங்கும். அந்த வாரத்தில்தான் எடை இயந்திரத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்வார்கள், புதியவர்களைச் சேர்க்க அது போதும். இறங்கியது கொழுப்பு அல்ல, பெரும்பாலும் நீர். கல்லீரலிலும் தசையிலும் உடல் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து கரையும்போது, ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 3 கிராம் நீர் சேர்ந்து வெளியேறுகிறது. வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் அது அத்தனையும் திரும்பிவிடும். திரும்பியபோது, எனக்குக் கட்டுப்பாடு போதவில்லை என்று சொல்லி, இன்னும் விலை கூடிய அடுத்த கட்டத்தை விற்றார்கள். மாவைக் குடித்து இரைப்பை சுருங்காது என்பதைப் பின்னால் என்னைப் பார்த்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. வைட்டமின் மாத்திரைகள் "சுத்திகரிப்பைத் தடுக்கும்" என்று சொல்லி அவற்றை நிறுத்தச் சொன்னார்கள். இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அந்த மாத்திரைகள் ஆயுள் முழுவதும் தேவை. பி12 குறைபாடு தலைகாட்டச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். தயமின், அதாவது வைட்டமின் பி1, அப்படி அல்ல. உடலில் அதன் இருப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். எனக்கு வாந்தி தொடங்கியது. "நச்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி" என்று குழுவில் பதில் வந்தது. பிறகு பாதங்கள் எரிந்தன, மரத்துப்போயின. வேறொரு மருத்துவர் தயமின் குறைபாடு என்று கண்டு ஊசி போட்டார். நடை சீரானது, விரல் நுனிகளில் உணர்வு இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை.

அவர்தான் நான் விழுங்கும் எல்லா மாத்திரைகளையும் மேசையில் வைக்கச் சொன்னார். தூக்கத்துக்காக வேறோர் இடத்தில் எழுதித் தந்த மிர்டாசபின் அதில் இருந்தது. பசியையும் எடையையும் கூட்டக்கூடியது என்று நன்கு அறியப்பட்ட மருந்து. எழுதிய மருத்துவரிடமே பேசி அதை மாற்ற ஏற்பாடு செய்தார். எண்டோஸ்கோபியில் பார்த்தபோது இரைப்பை விரியவே இல்லை. சுருக்கித் தருவதாகப் பணம் வாங்கியவர்கள் அது விரிந்திருக்கிறதா என்று பார்க்கவும் இல்லை! இப்போது புரதம் நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன், இனிப்புப் பானங்கள் இல்லை, தசைக்கான பயிற்சி உண்டு, ரத்தப் பரிசோதனை தவறுவதில்லை. எடை மெதுவாக இறங்குகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பலன் அவரவர் முயற்சியைப் பொறுத்தது" என்ற வரியைக் காட்டிவிட்டு என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன், முடிவு வரவில்லை.

எடை ஏறினால், சிகிச்சை செய்த குழுவிடமோ, அவர்கள் கைவிட்டால் இதே துறையைச் சேர்ந்த வேறொரு மருத்துவரிடமோ போங்கள். தைராய்டு, மற்ற மருந்துகள், தூக்கம், மனநிலை, இரைப்பையின் அமைப்பு ஆகியவற்றை விசாரிக்கிறார்களா என்று பாருங்கள். தேவைப்பட்டால் பசியைக் குறைக்கும் மருந்துகளும் மறு அறுவை சிகிச்சையும் உண்டுதான், ஆனால் அந்த விசாரணைக்குப் பிறகு.

அந்தக் குழுவில் இன்னும் இருப்பவர்களுக்கு ஒன்று. வாந்தி நிற்கவில்லை, கால் மரத்துப்போகிறது, நடை தள்ளாடுகிறது, பார்வை இரட்டையாகத் தெரிகிறது, மனம் குழம்புகிறது என்றால் இன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்தவர் என்பதை முதலில் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் தர வேண்டுமா என்று உடன் வருபவரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.