கடற்கரைக்கும் பாறைக்கும் ரீல் ஒன்று, ஸ்பூல் இரண்டு

மீன் பிடிக்க, மணலில் நின்று தூண்டில் வீசவும் பாறை மேல் நின்று வீசவும் ஒரே ஸ்பின்னிங் ரீல் போதுமா என்றால், போதும். ஆனால் ஒரே லைன் போதாது. நடுத்தரத்துக்குக் கொஞ்சம் பெரிய ரீல் ஒன்று, அதற்குக் கூடுதலாக இன்னொரு ஸ்பூல் (லைன் சுற்றும் உருளை), ஒன்றில் நைலான் நரம்பு, மற்றதில் பிரெய்டு, அதாவது இழைகளைப் பின்னிச் செய்த லைன். இதுதான் என் பரிந்துரை. ரீலுக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள்கூட லைன் என்று வரும்போது கைக்குக் கிடைத்ததைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள், அப்புறம் மீன் அறுத்துக்கொண்டு போனால் திட்டு வாங்குவது ரீல்.

முதலில் அளவு எண். 4000, 5000, 6500 என்று போட்டிருப்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஷிமானோவில் 4000-மும் சி5000-மும் உடம்பு ஒன்றேதான், ஸ்பூல்தான் பெரிது. அதனால் எண்ணை விட்டுவிட்டு, எத்தனை மி.மீ. லைன் எத்தனை மீட்டர் பிடிக்கும், எடை எவ்வளவு என்ற இரண்டையும் பாருங்கள். 0.35 மி.மீ. நைலான் 250 மீட்டராவது உட்கார வேண்டும். அடுத்தது பேரிங் கணக்கு. பெட்டியில் '12+1' என்று பெரிதாக அச்சடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். உப்புத் தண்ணீரில் ஒவ்வொரு பேரிங்கும் துருப்பிடிக்க இன்னொரு இடம். உண்மையில் முதலில் அடி வாங்குவது லைன் உருளும் அந்தச் சின்ன ரோலரும், கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கிற கிளட்ச்சும். கடையில் எடுத்துப் பார்க்கும்போது கைப்பிடியை மட்டும் சுற்றிப் பார்க்காமல் ரோலர் தடையில்லாமல் உருள்கிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள்.

இந்த வேலைக்கு நான் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தது இரண்டு: பென் ஸ்பின்ஃபிஷர் ஆறாம் வரிசை, டைவா பிஜி. இரண்டுக்கும் உலோக உடம்பு, பெரிய மீன் இழுக்கும்போது நெளியாது. கிராஃபைட் உடம்புள்ள ரீல் எடை குறைவுதான், ஆனால் கனமான ஈயத்தோடு நாள் முழுக்க வீசி இழுத்தால் பல்சக்கரங்கள் தம் இடத்தை விட்டு லேசாக விலகும், அதில் தேய்மானம் தொடங்கும். பிஜி சுற்றுவதற்கு வழுவழுப்பாக இருக்கிறது, மீன் இழுக்கும்போது லைனை விட்டுக்கொடுக்கும் பிரேக்கான டிராக், பிடித்துப் பிடித்து விடாமல் ஒரே சீராக லைனைக் கொடுக்கிறது. மணலுக்கு மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்வேன். ஸ்பின்ஃபிஷர் கொஞ்சம் முரட்டுத்தனம், காலியாகச் சுற்றும்போதே ரப்பர் அடைப்புகளின் இறுக்கம் கையில் தெரியும். ஆனால் அந்த இறுக்கத்துக்குத்தான் பாறையில் மதிப்பு. அலை மோதித் தெறிக்கிற இடத்தில் பல்சக்கரப் பெட்டியிலும் கிளட்ச்சிலும் தண்ணீர் போகாமல் இருப்பது வழுவழுப்பைவிட முக்கியம்.

ஸ்பின்ஃபிஷர் ஐபிஎக்ஸ்5 என்ற நீர்த்தடுப்புத் தரம் என்று விளம்பரம் செய்கிறார்கள். அந்தச் சோதனை 6.3 மி.மீ. வாயுள்ள குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீரைத் தாங்குகிறதா என்பது மட்டும்தான். முக்கி எடுக்கும் சோதனை ஐபிஎக்ஸ்7, அதாவது ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஆக, தெறிப்புக்கு ஐந்து சரி, பாறைக் குழியில் விழுந்து கிடந்தால் உறுதி கிடையாது. இன்னொன்று, அடைப்பு உள்ள ரீலில் ஒருமுறை உப்புத் தண்ணீர் புகுந்துவிட்டால் வெளியே வரவும் வழியில்லை. 'சீல் செய்தது, பராமரிப்பே வேண்டாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி லைன். மணலில் தூரம் வேண்டும், கூடவே கரையோர நீரோட்டம் லைனைப் பக்கவாட்டில் இழுக்கும். லைன் எவ்வளவு மெலிதோ அவ்வளவு குறைவாக இழுபடும். பிரெய்டில் பிஇ 2 போதும். பெட்டியில் போட்டிருக்கும் பவுண்டு எண்ணைவிட இந்த பிஇ எண்ணை நம்பலாம், அது நூலின் கனத்தைச் சொல்வது. பிஇ 1 என்றால் 200 டெனியர் (நூலின் கனத்துக்கான அலகு), பிஇ 2 என்றால் 400. ஆனால் 100 கிராமுக்கு மேல் ஈயம் கட்டி முழு வீச்சில் வீசும்போது இந்த மெல்லிய லைன் நேராகத் தாங்காது, அறுந்து போகிற ஈயம் யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது. முன்னால் தடிமனான லீடர், அதாவது லைன் நுனியில் கட்டும் துண்டு லைன், கட்டாயம். ஒரு அவுன்ஸ் ஈயத்துக்கு 10 பவுண்டு என்ற பழைய கணக்கே போதும், 4 அவுன்ஸ் என்றால் 40 பவுண்டுக்குக் குறையாமல். நீளமும் முக்கியம்: வீசத் தயாராக நிற்கும்போது முடிச்சு ஸ்பூலில் இருக்க வேண்டும், அதற்கு மேல் சில சுற்று லீடரும் இருக்க வேண்டும். பிரெய்டையும் லீடரையும் இணைக்க எஃப்ஜி என்ற முடிச்சுதான், மெலிதாக இருப்பதால் கோலின் வளையங்களில் இடிக்காது. விரலுக்கு உறை போடுங்கள், பிரெய்டு சதையை அறுக்கும்.

பாறையில் நிலைமை தலைகீழ். இழுபட்டு விறைத்து நிற்கும் பிரெய்டு, சிப்பி ஒட்டிய பாறை விளிம்பை ஒரு தடவை உரசினாலே போச்சு. நைலான் தேய்ந்தாலும் கொஞ்ச நேரம் தாங்கும், இழுத்தால் நீண்டும் கொடுக்கும், மீன் காலடியில் வந்து கடைசியாகத் திமிறும்போது அந்த நீட்சிதான் காப்பாற்றும். ஆகவே இரை கட்டி அடியில் போடும் மீன்பிடிப்புக்கு 0.45 மி.மீ. அளவில் நைலானைத்தான் சொல்வேன். லூர் (செயற்கை இரை) வீசுவதென்றால் மட்டும் பிரெய்டு, அதுவும் 8 இழை வேண்டாம், 4 இழை. 8 இழை வழுவழுப்பு, சத்தம் குறைவு, தூரமும் போகும். ஆனால் ஒரே கனத்தில் 4 இழையின் ஒவ்வொரு இழையும் தடிமன் என்பதால் உரசலை அது கொஞ்சம் அதிகம் தாங்கும். முன்னால் லீடராக இரண்டு மூன்று மீட்டராவது ஃபுளோரோகார்பன் என்ற வகை லைன் போடுங்கள், அதன் கடினமான மேற்பரப்புக்காக. முழு ஸ்பூலும் ஃபுளோரோகார்பனால் சுற்றுவது வீண்செலவு, விறைப்பாக இருப்பதால் ஸ்பூலை விட்டுச் சுருள் சுருளாகக் குதிக்கும்.

பிரெய்டைச் சுற்றும்போது அடியில் சில மீட்டர் நைலான் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மொத்தமும் ஸ்பூலில் வழுக்கிச் சுற்றும், டிராக்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்துங்கள். பெயிலை (லைனைப் பிடித்துச் சுற்றும் கம்பி வளையத்தை) கைப்பிடி சுற்றி மூடாமல் கையால் மூடிவிட்டு, தொங்கும் லைனை ஒருமுறை இழுத்து விட்டால் காற்றில் விழும் முடிச்சுகள் பெருமளவு குறையும். டிராக்கை லைன் அறும் எடையில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வையுங்கள், தராசு மாட்டியே பாருங்கள். டிராக் வழுக்கி லைன் வெளியே போகும்போது கைப்பிடியைச் சுற்றவே கூடாது, 5.7:1 ரீலில் ஒவ்வொரு சுற்றுக்கும் லைனில் கிட்டத்தட்ட ஆறு முறுக்கு ஏறும்.

வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கிவிட்டு மெல்லிய தூறலாக நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பும் மணலும் உள்ளேதான் போகும். காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வைக்கலாம், ரோலருக்கு ஒரு சொட்டு எண்ணெய். கிளட்ச்சில் கிரீஸ் வைத்துவிடாதீர்கள், வழுக்க ஆரம்பித்துவிடும்.

ரீலுக்குக் காசு கொடுக்கும் முன் அதே மாடலுக்குத் தனி ஸ்பூல் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால், எவ்வளவு நல்ல ரீலாக இருந்தாலும், இந்த இரண்டு வேலைக்கும் சேர்த்து அதை வாங்க மாட்டேன்.