செட்இன்டர்வலா, செட்டைம்அவுட் சங்கிலியா?

வரிசையில் எத்தனை கோரிக்கைகள் காத்திருக்கின்றன என்று 2 வினாடிக்கு ஒருமுறை சர்வரைக் கேட்டுக் காட்டும் பக்கம் ஒன்று. முதலில் செட்இன்டர்வல்தான் போட்டேன்; ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வேலையைக் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓட்டும் கட்டளை அது. செட்டைம்அவுட் என்பது குறித்த நேரம் கழித்து ஒரே ஒருமுறை ஓட்டுவது. இப்போது செட்இன்டர்வலைத் தூக்கிவிட்டு, வேலை முடிந்ததும் அடுத்த செட்டைம்அவுட்டைப் போட்டுக்கொள்ளும் சங்கிலிக்கு மாறிவிட்டேன்.

எழுதச் சுலபம் செட்இன்டர்வல்தான், அதில் பேச்சே இல்லை. சொன்ன நேரத்துக்குச் சரியாக ஓடும் என்று இரண்டையுமே நம்ப முடியாது: பக்கத்தின் வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்யும் மெயின் த்ரெட் வேறு வேலையில் மாட்டியிருந்தால் இரண்டுமே காத்திருக்கும்.

என்னை மாற வைத்தது வேறு. நெட் மந்தமாக இருந்த ஒரு நாள் திரையில் 41 வந்தது, அப்புறம் 44, உடனே 42. எண்ணிக்கை குறைய வழியே இல்லாத நேரம் அது. ஒரு பதில் வர 5 வினாடி எடுத்திருக்கிறது. அதற்குள் அடுத்த இரண்டு கேள்விகள் கிளம்பிவிட்டன. பிந்திக் கிளம்பியதன் பதில் முந்தி வந்தது, பழைய பதில் அதன்மேல் வந்து உட்கார்ந்தது. செட்இன்டர்வலுக்குத் தெரிந்ததெல்லாம், அதனிடம் ஓட்டக் கொடுத்த ஃபங்ஷன், அதாவது கால்பேக், திரும்பிவிட்டது என்பது மட்டுமே. உள்ளே சர்வரைக் கேட்கும் ஃபெட்ச்சின் ப்ராமிஸ், அதாவது பின்னால் வரப்போகும் பதிலுக்கான சீட்டு, இன்னும் தொங்கிக்கொண்டிருப்பதை அது பார்ப்பதில்லை.

‘ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று ஒரு ஃப்ளாக், அதாவது ஆம்/இல்லை என்று குறித்துவைக்கும் மாறி, வைத்துச் சமாளித்தேன். பிழை வந்த வழியில் அதைத் திரும்ப இறக்க மறந்ததால், டைமர் ஓடியது, கேள்வி மட்டும் போகவில்லை. சங்கிலியில் இந்தப் பாடு இல்லை. பதில் வந்து திரையில் எழுதிய பிறகுதான் அடுத்த 2 வினாடி தொடங்கும். சர்வர் திணறினால் இடைவெளியை 4, 8 என்று கூட்டவும் ஒரே மாறி போதும். செட்இன்டர்வலில் பழையதை நிறுத்திப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

சங்கிலிக்கும் குறை உண்டு. நடுவில் எக்ஸெப்ஷன், அதாவது ஓட்டத்தை நிறுத்தும் பிழை, வந்தால் அறுந்துவிடும்; செட்இன்டர்வல் கவலைப்படாமல் அடுத்த சுற்றுக்குப் போகும். அதனால் அடுத்த அழைப்பை, பிழை வந்தாலும் வராவிட்டாலும் ஓடும் ஃபைனலி பகுதிக்குள் வைத்தேன்.

டேப் பின்னால் போனால் இரண்டுக்கும் ஒரே கதிதான். வினாடிக்கு ஒருமுறைக்கு மேல் பிரவுசர் ஓட விடாது. குரோம் பிரவுசரில் 88-ஆம் பதிப்பு முதல், நீண்ட நேரம் மறைந்திருக்கும் பக்கத்தில் பெரும்பாலும் நிமிடத்துக்கு ஒருமுறைதான். ஆகவே ஸ்டாப்வாட்ச் எழுதினால் எத்தனை முறை ஓடியது என்று எண்ணாதீர்கள்; ஒவ்வொரு முறையும் இப்போதைய நேரத்தைச் சொல்லும் டேட்.நவ்வைக் கேட்டு, தொடங்கிய நேரத்தை அதிலிருந்து கழியுங்கள். அப்படிச் செய்தால் கடிகாரத்துக்குச் செட்இன்டர்வலே போதும், நானும் அங்கே அதை மாற்றவில்லை. அனிமேஷனுக்கு, திரை புதுப்பிக்கப்படும் நேரத்தோடு ஒட்டி ஓடும் ரெக்வெஸ்ட்அனிமேஷன்ஃப்ரேம் இருக்கிறது. நான் அதைச் சின்ன நகர்வுகளுக்கு மேல் பயன்படுத்தியதில்லை.

சங்கிலிக்கு மாறுபவர்கள் நிறுத்தும் இடத்தை மட்டும் கவனியுங்கள். பதிலுக்குக் காத்திருக்கும்போது, போட்ட செட்டைம்அவுட்டை ரத்து செய்யும் கிளியர்டைம்அவுட்டை அழைத்தால், அழிக்க அங்கே டைமரே இருக்காது. பதில் வந்ததும் சங்கிலி மறுபடி ஓடத் தொடங்கும். ‘நிறுத்து’ என்று தனியாக ஒரு ஃப்ளாக் வைத்த பிறகுதான் என் பக்கம் அடங்கியது. ஆமாம், கடைசியில் இங்கேயும் ஃப்ளாக்தான்.