பதகளிப்பு நோய்க்கு மாற்றுத்திறனாளி கொடுப்பனவு: எங்கட டிஎஸ் ஒபிஸ் (பிரதேச செயலகம்) சேவைக்கு எத்தின ஸ்டார்?

5க்கு 2தான் குடுப்பன், அதில ஒரு ஸ்டார் அந்த சமூக சேவை மிஸ்ஸுக்கு மட்டும். சாரிக் கடைக்கும் கொத்துக் கடைக்கும் எல்லாரும் ரிவியூ போடுறாங்க, நாம வருசம் முழுக்க ஏறி இறங்குற கந்தோருக்கு ஒருத்தரும் போடுறதில்ல, அதான் இத எழுதுறன். மட்டக்களப்பு மாவட்டத்தில 14 டிஎஸ் பிரிவு இரிக்கு, அதில ஒண்டு, எது எண்டு சொல்லமாட்டன், நாளைக்கும் நான் அதே கவுண்டருக்குத்தான் போகோணும்.

விசயம் என்னெண்டா என்ட தம்பிக்கு பதகளிப்பு நோய், அதான் மனப்பதட்டம். டவுனில ஒரு கடையில போன் ரிப்பெயார் செஞ்சவன், நல்ல கை வேல. பஸ்ஸில ஏறினா கல்லடிப் பாலம் வரக்குள்ள நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கை விறைக்கும், இப்ப சாகப்போறன் எண்டு சொல்லி நடுவழியில இறங்கிருவான். ஈசிஜி எடுத்தா நோர்மல், ரத்தம் சோதிச்சா நோர்மல். முதல்ல பஸ்ஸ விட்டான், மறுகா வேலய விட்டான், பிறகு சந்திக் கடைக்குப் போறதும் இல்ல, கடைசியில வீட்டுக்கு ஆள் வந்தா அறைக்குள்ள போய் கதவச் சாத்துற அளவுக்கு வந்திட்டு. மாமாங்கக் கோயிலுக்கு நேர்ந்தம், நூல் கட்டினம், அதுக்குப் பொறகுதான் மனநலக் கிளினிக்குக்கு கூட்டிப் போனம் (எங்கட சனம் எல்லாம் இந்த ஓடர்லதான் போறது, அதப்பத்தி வேற ஒரு நாள் எழுதுறன்).

கிளினிக்கப் பத்தி குற சொல்ல ஒண்டும் இல்ல. குளிசையும் சும்மா, டொக்டரும் அவசரப்படாம கேட்டார். கொடுப்பனவுக்கு ட்ரை பண்ணுங்க எண்டு முதல்ல சொன்னதே அவர்தான். எங்களுக்கு அப்பிடி ஒண்டு இந்த நோய்க்கு கிடைக்கும் எண்டே தெரியா, கண் தெரியாதவங்களுக்கும் கால் ஏலாதவங்களுக்கும் மட்டும் குடுக்கிறது எண்டு நினைச்சிருந்தம். வருமானம் குறைஞ்ச குடும்பத்தில இரிக்கிற மாற்றுத்திறனாளிக்கு மாசாமாசம் வாற காசு அது. 5,000மா இருந்தது 2024ல 7,500 ஆகி 2025ல 10,000 ஆகிட்டு. இண்டைக்கு அரிசி தேங்காய் விக்கிற விலைக்கு அது பெரிய காசில்ல, ஆனா வேல இல்லாம வீட்டில இரிக்கிற ஒரு பொடியனுக்கு தன்ட கையில ஒரு காசு எண்டா அது வேற கத.

சரி, இப்ப கவுண்டர்.

ஜிஎஸ்ஸிட்ட (கிராம சேவகர்) போம் நிரப்பி கையெழுத்து வாங்கி, வைத்திய சான்றிதழும் இணைச்சு, தம்பியையும் எப்பிடியோ ஓட்டோவில ஏத்திக் கொண்டு போனன். காலம வெள்ளன போயும் வெயில் ஏறும் வரைக்கும் வாங்கிலதான். ஃபேன் ஒண்டு சுத்துது ஆனா காத்து எங்களுக்கு வாறதில்ல. அவன் என்ட கையப் புடிச்சபடி நிலத்தப் பாத்துக்கொண்டு இருந்தான், வேர்த்து சேட் நனைஞ்சிட்டு. எங்கட நம்பர் வந்த உடன கவுண்டரில இருந்த ஐயா பைலத் தூக்கி, வரிசையில நிக்கிற எல்லாருக்கும் கேக்கிற மாதிரி, "என்ன இது, மனநோயா?" எண்டார். பின்னுக்கு நிண்டது எங்கட ஊர் டீச்சர். அந்த ஐயா தம்பிய மேல இருந்து கீழ வரைக்கும் பாத்திட்டு, "கையும் காலும் நல்லாத்தானே இரிக்கு தம்பி, நடந்து வந்திருக்காய், இஞ்ச எத்தின பேர் கால் இல்லாம வாறாங்க தெரியுமா" எண்டு கேட்டார். தம்பி எழும்பி வெளிய போயிட்டான். மதிலடியில குந்தி இருந்தவன ஓட்டோவில ஏத்தினதுதான், அதுக்குப் பொறகு அவன் அந்த ரோட்டுப் பக்கமே வரல்ல.

இதில இரிக்கிற பகிடிய பாருங்க. கந்தோருக்கு வர ஏலாத நோய்க்கு, கந்தோருக்கு வந்து நிண்டு காட்டச் சொல்லுறாங்க. வந்திட்டா சுகம் எண்டுறாங்க, வராட்டி ஆள் இல்லாம பைல் நகராது எண்டுறாங்க. நான் அந்த ஐயாவ மட்டும் குத்தம் சொல்லவும் மாட்டன், அவருக்கு ஆரும் இதப்பத்தி சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. ஆனா நோயிட பேர சத்தமா வாசிக்கக்கூடா எண்டு சொல்லிக் குடுக்க ட்ரெய்னிங் ஒண்டும் தேவல்ல.

ரெண்டாம் தரம் எப்பிடி சரி வந்தது எண்டதத்தான் வடிவா எழுதோணும், மத்த ஆக்களுக்கு அதான் உதவும்.

லண்டனில எங்கட மாமிட மகன் ஒருத்தர் இரிக்கார், அவருக்கும் இதே நோய், 2004 சுனாமியில நாவலடியில தப்பினவர். அங்க வலுவிழந்த ஆக்களுக்கு பிப் (PIP) எண்டு ஒரு காசு குடுக்கிறாங்க, வருமானம் பாக்கிறதில்ல, வேல செஞ்சாலும் எடுக்கலாம். அவர் போனில விளங்கப்படுத்தினார். அங்க நோயிட பேருக்கு காசு இல்லயாம், அந்த நோயால என்ன செய்ய ஏலாம இரிக்கு எண்டதுக்குத்தான் புள்ளி. சமைக்கிறது, குளிக்கிறது, குளிசை எடுக்கிறது, ஆக்களோட முகத்துக்கு நேர கதைக்கிறது எண்டு அன்றாட வேல 10, வெளிய போய் வாறதுக்கும் நடக்கிறதுக்கும் 2. ஒரு பக்கத்தில 8 புள்ளி வந்தா ஒரு தொக, 12 வந்தா கூடின தொக. மனப்பதட்டத்தால எந்தப் பயணமுமே போக ஏலா எண்டா அதுக்கு மட்டுமே 10 புள்ளி. அதோட ஒரு வேலய ஒருக்கா செஞ்சு காட்டினா செய்ய ஏலும் எண்டு எடுக்கிறதில்லயாம், பத்திரமா செய்யலாமா, ஒழுங்கா செய்யலாமா, திருப்பித் திருப்பி செய்யலாமா, நியாயமான நேரத்துக்குள்ள முடிக்கலாமா எண்டு நாலையும் பாக்கோணும். கேக்கக்குள்ளயே எனக்கு விளங்கிட்டு எங்கட பைலில என்ன இல்ல எண்டு. (அங்கயும் தேன் ஓடுதெண்டு நினைக்காதீங்க, அவருக்கும் முதல்ல இல்ல எண்டுதான் லெட்டர் வந்தது, ஒரு மாசத்துக்குள்ள மறுபரிசீலன கேட்டுத்தான் எடுத்தவர்.)

அமெரிக்காவிலயும் இதே கணக்குத்தான் போல. விளங்கிறது ஞாபகம் வைக்கிறது, ஆக்களோட பழகிறது, ஒரு வேலயில மனச நிப்பாட்டுறது, தன்னத்தான் சமாளிக்கிறது எண்டு நாலு பக்கம் பாத்து, ஒண்டில அறவே ஏலா எண்டோ ரெண்டில சரியான கஷ்டம் எண்டோ இருக்கோணும்.

எங்கட நாட்டுச் சட்டமும் இதத்தான் சொல்லுது எண்டதுதான் எனக்குப் புதினம். 1996ம் ஆண்டு 28ம் இலக்கச் சட்டம், வலுவிழந்த ஆக்கள்ட உரிமையப் பாதுகாக்கிற சட்டம். உடல்லயோ உளத்திலயோ உள்ள குறையால தன்ட வாழ்க்கைத் தேவைய தானா முழுசாவோ பகுதியாவோ பாத்துக்கொள்ள ஏலாத ஆள் எண்டு அதில கிடக்கு. உளம் எண்டது சட்டத்திலயே இரிக்கு! அந்தப் பக்கத்த கொமினிகேசன் கடையில பிரிண்ட் அடிச்சு பைலில முதலாவதா வச்சன்.

டொக்டரிட்ட திருப்பிப் போய் கேட்டன். முதல் சான்றிதழில நோயிட பேரும் குளிசையும் மட்டும்தான் இருந்தது. இந்த முற அவர் எழுதினது வேற: எத்தின காலமா கிளினிக் வாறான், தனிய பஸ்ஸில போக ஏலா, கூட ஆள் இல்லாம ஆஸ்பத்திரிக்கும் வர ஏலா, அறியாத ஆக்களோட கதைக்க ஏலா, இந்த நிலமையில வேல செய்ய ஏலா, கிட்டடியில மாறும் எண்டும் சொல்ல ஏலா. நானும் ஒரு கொப்பியில ஒவ்வொரு நாளும் எழுதினன், இண்டைக்கு குளிச்சானா, சாப்பிட்டானா, கதவத் திறந்தானா எண்டு. ஒண்டு சொல்லுறன், நல்ல நாளப் பாத்து எழுதாதீங்க, கூடாத நாளையும் எழுதுங்க, எங்கட சனத்துக்கு வீட்டுக் கஷ்டத்த வெளிய சொல்ல வெக்கம், ஆரும் கேட்டா "இப்ப பரவால்ல" எண்டு சொல்லிப் பழகிட்டம், கந்தோரில அந்த பரவால்ல எண்ட சொல்லத்தான் பைலில எழுதிக் கொள்ளுவாங்க.

தம்பிய கூட்டிப் போகல்ல. நேர சமூக சேவை உத்தியோகத்தர் மிஸ்ஸிட்ட போய், ஆள் வர ஏலா, நீங்க வீட்ட வந்து பாருங்க எண்டு எழுத்தில குடுத்தன். அவ வந்தா. செருப்ப வெளிய கழட்டிட்டு, பைலயும் திறக்காம, முதல்ல அம்மாவோட கோழி வளக்கிறதப் பத்தித்தான் கதைச்சா. தம்பி கதவுக்குப் பின்னால நிண்டு கேட்டுக்கொண்டு இருந்தான். கன நேரத்துக்குப் பொறகு கதவு இடுக்கால, "அக்கா, உங்கட போன் டிஸ்ப்ளே உடைஞ்சிருக்கு" எண்டான். அவ சிரிச்சிட்டு போன அப்பிடியே இடுக்குக்குள்ளால நீட்டினா. கேக்க வேண்டியது எல்லாத்தையும் அந்தக் கதவோடயே கேட்டு எழுதிக்கொண்டு போனா. இப்பிடி ஒரு ஆள் எல்லா டிஎஸ் ஒபிஸிலயும் இருந்தா நான் இந்த ரிவியூவே எழுத மாட்டன்.

அதுக்குப் பொறகு காத்திருப்புப் பட்டியல். பேர் சேந்திட்டு எண்டு சொன்னாலும் காசு உடன வராது, முன்னுக்கு உள்ளவங்களுக்கு குடுத்து வரோணும். மாசக்கணக்கா ஒரு கதையும் இல்ல, கோல் எடுத்தா "வரும் வரும்". ஒரு ஸ்டார் இதுக்காகவே கழிச்சன். கடைசியா தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில, 2016ம் ஆண்டு 12ம் இலக்கம், பட்டியலில எங்கட பேர் எங்க இரிக்கு எண்டு கேட்டு ஒரு லெட்டர் குடுத்தன். 14 வேல நாளைக்குள்ள முடிவு சொல்லோணும் எண்டு அந்தச் சட்டத்தில இரிக்கு. லெட்டர் குடுத்த கையோட கந்தோரில கதைக்கிற தொனியே மாறிட்டு, கதிர எல்லாம் தந்தாங்க. இப்ப காசு வருது.

ஊருக்குள்ள கத வரும், அதுக்கும் ரெடியா இருங்க. "மூளைக் குளிசை எடுக்கிறவன்" எண்டு சொல்லுவாங்க, தங்கச்சிட கலியாணம் குழம்பும் எண்டு பெரியம்மா சொன்னா. தங்கச்சி சொன்னா இதால குழம்புற கலியாணம் எனக்கு வேணாம் எண்டு. அத்தோட அந்தக் கத முடிஞ்சிட்டு.

போறவங்களுக்கு: உத்தியோகத்தர் வெளிக்களம் போற நாளா எண்டு முதல்லயே கோல் எடுத்துக் கேளுங்க, பொதுமக்கள் தினத்தில நோயாளிய கூட்டிப் போகவே வேணாம், சனம் நெருக்கும். இல்ல எண்டு சொன்னா அத எழுத்தில தரச் சொல்லுங்க, வாயால சொன்னதுக்கு ஒண்டும் செய்ய ஏலா. ராவில ஆளுக்கு சரியாக் கூடிட்டு, என்ன செய்யிற எண்டு தெரியல்ல எண்டா 1926க்கு எடுங்க, தேசிய மனநல நிறுவனத்திட நம்பர், 24 மணித்தியாலமும் ஆள் இருப்பாங்க. கிளினிக் கொப்பிட எல்லாப் பக்கத்தையும் போட்டோகொப்பி எடுத்து ஒரு செட் வீட்டில வச்சிக்கொள்ளுங்க, எங்கட பைல் ஒருக்கா துலைஞ்சு போய் அந்த மிஸ்தான் வேற ஒரு அலுமாரிக்குள்ள இருந்து தேடி எடுத்தா.